வேல்ஷ் படிக்கிறீர்களா? முதல் எழுத்தை நம்பாதீர்கள்

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு மொழியான வேல்ஷைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே அகராதியோடு சண்டை போடுவார்கள். பாடத்தில் 'ஆர்த்' என்று ஒரு சொல் வரும். தோட்டம் என்று பொருள். ஏ எழுத்தின் கீழ் தேடினால் தோட்டம் அங்கே இருக்காது. ஜி எழுத்தின் கீழ், 'கார்த்' என்ற உருவத்தில் உட்கார்ந்திருக்கும். வாக்கியத்தில் அதற்கு முன்னால் நின்ற சொல் அந்த ஜியை விழுங்கியிருக்கிறது. பல மொழிகளில் சொல்லின் வால்தான் மாறும். வேல்ஷில் தலையே மாறும். அதைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2021 மக்கள்தொகைக் கணக்கின்படி வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 17.8 சதவீதம், அதாவது சுமார் 5,38,000 பேர், வேல்ஷ் பேசுகிறார்கள். பெரியவர்களுக்கான வகுப்புகள் மனெடியாட் (நுழைவு), சல்வைன் (அடிப்படை), கனோல்ராத் (இடைநிலை), இயூஹ் (உயர்நிலை) என்று படிப்படியாகப் போகும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் பி2 வரை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நான்கு நிலைகளுக்கும் டபிள்யூ.ஜே.இ.சி என்ற வேல்ஸ் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. தேர்வு கட்டாயம் இல்லை. எழுதாமலும் அடுத்த நிலைக்குப் போகலாம். ஆனால் நாள் குறித்துவிட்டால் படிப்பு ஒழுங்காக நடக்கும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வேல்ஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டும். உங்கள் குறிப்பேட்டில் இப்படி எழுதவே எழுதாதீர்கள். 'காகம்' என்ற சொல்லில் இரண்டு க உண்டு. இரண்டும் ஒரே ஒலியா? முதலாவது வன்மையானது, இரண்டாவது மெலிந்தது. தமிழில் ஒலி மாறும், எழுத்து மாறாது. வேல்ஷில் ஒலியோடு எழுத்தும் மாறும். பூனைக்கு 'காத்', உன் பூனை என்றால் முதல் எழுத்து சியிலிருந்து ஜிக்குப் போய், 'தங்கம்' என்பதில் வரும் க போல ஒலிக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் 'காத்' என்றே நிற்கும், மாற்றம் கண்ணிலேயே படாது. தேர்வில் சோதிப்பதோ அந்த மாற்றத்தைத்தான்.

எழுத்தும் ஒலியும்

மொத்தம் 29 எழுத்துகள். அவற்றில் எட்டு, இரண்டு ரோமன் எழுத்துகள் சேர்ந்து ஒன்றாக எண்ணப்படுபவை. அங்கிள்சி தீவில் நீளமான பெயருக்குப் பேர்போன ஊர் இருக்கிறதே, அதன் பெயரில் ரோமன் கணக்கில் 58 எழுத்து, வேல்ஷ் கணக்கில் 51 தான். அகராதி வரிசையும் இப்படியே: இரட்டை எல், ஒற்றை எல்லில் தொடங்கும் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகு வரும். 'என்' எழுத்தும் ஜி எழுத்தும் சேர்ந்த ங ஒலி, ஜிக்கு அடுத்து நிற்கும். க, ங என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் 'என்' எழுத்தின் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

டபிள்யூ உயிரெழுத்து, உகரம் போல. ஒற்றை எஃப் வ; இரட்டை எஃப்தான் ஃப. இரட்டை டியைப் (dd) பார்த்து பயப்பட வேண்டாம், 'அது', 'இது' என்னும்போது வரும் மெல்லிய த அதற்கு மிக நெருக்கம். யூ எழுத்து தெற்கில் வெறும் இகரம். வடக்கில் அது நாக்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துச் சொல்லும் ஒலி; 'நாடு' என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்து வீடு.

ஒய் எழுத்துக்கு இரண்டு ஒலி. சொல்லின் கடைசி அசையிலும் ஓரசைச் சொல்லிலும் இகரம் போல. மற்ற இடத்தில் வாயை லேசாகத் திறந்த சோம்பலான அகரம். ஆகவே மனிதன் 'டீன்', மனிதர்கள் 'டன்யோன்'. ஒரே எழுத்துதான், பின்னொட்டு சேர்ந்ததும் இடம் மாறிவிட்டது. சில குட்டிச் சொற்கள் மட்டும் இந்த விதிக்கு அடங்காமல் சோம்பல் ஒலியிலேயே வரும்; அவற்றைக் காதால் பழகுவதே வழி.

இரட்டை எல்லுக்கு ல, ள, ழ மூன்றும் உதவாது. ல சொல்ல நாக்கை வையுங்கள், அங்கேயே நிறுத்துங்கள், குரல் கொடுக்காமல் நாக்கின் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். 'க்ல' என்றோ 'த்ல' என்றோ வந்தால் நாக்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு இருக்கக் கூடாது.

அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில். பள்ளி 'அஸ்கோல்' என்பதில் முதல் அசை அழுத்தம் பெறும். பள்ளிகள் 'அஸ்கோல்யோன்' ஆனதும் அழுத்தம் நடுவுக்கு நகரும்.

தலை மாறும் கதை

மாற்றம் மூன்று வகை. மென்மை மாற்றம் ஒன்பது எழுத்துகளைத் தொடும்: ப, ட, க (p, t, c) வன்மை இழந்து பி, டி, ஜி (b, d, g) ஆகும், பி வ ஆகும், டி இரட்டை டி ஆகும், ஜி காணாமல் போகும், ம வ ஆகும், இரட்டை எல் ஒற்றையாகும், ஆர்-எச் வெறும் ஆர் ஆகும். மூக்கொலி மாற்றம் ஆறு எழுத்துகளுக்கு. மூச்சொலி மாற்றம் மூன்றுக்கு மட்டும்: ப, ட, க முறையே ஃப, த, தொண்டை ஹ.

இது யாரோ உட்கார்ந்து உருவாக்கிய கொடுமை இல்லை. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய வல்லொலி மெலிவது உலக வழக்கம். 'காகம்' இரண்டாவது கவுக்கு நடந்ததும் அதுதான். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேல்ஷின் மூதாதை மொழியில் சொல்லின் கடைசி அசைகள் உதிர்ந்தன. மெலிவித்த உயிர் போய்விட்டது, மெலிவு மட்டும் அடுத்த சொல்லின் தலையில் தங்கிவிட்டது. அதனால் இன்று காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எது என்று மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'அந்தப் பையன்', 'வந்த பையன்' என்று எங்கே வலி மிகும் என்பதைப் பழக்கத்தில் பிடித்தோமே, அதே வகை வேலை.

மூக்கொலி மாற்றம் தமிழ்க் காதுக்கு மூன்றிலும் எளிது. 'மரம்', 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆகிறது அல்லவா? பாங்கோர் நகரத்தில் என்று சொல்ல 'அன்' என்ற முன்னிடைச் சொல் 'அம்' ஆகி, ஊர் 'மாங்கோர்' ஆகும். கார்டிஃப் என்றால் 'அன்', 'அங்' ஆகி, ஊரின் முதல் எழுத்து ங-வும் மூச்சும் சேர்ந்ததாக மாறும். பேச்சில் சிலர் இங்கே மென்மை மாற்றத்தையே போட்டுச் சமாளிப்பது காதில் விழும். எழுத்துத் தேர்வில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

அட்டவணையை மனப்பாடம் செய்வது வீண் என்று சொல்லமாட்டோம். ஆனால் பேசும்போது அட்டவணை நினைவுக்கு வரும் முன் எதிரில் இருப்பவர் போய்விடுவார். சொற்றொடராக வாயில் ஏற்றுங்கள். காப்பி 'கோஃபி', தேநீரும் காப்பியும் 'டெ ஆ ஹோஃபி'. மிளகு 'பிப்பிர்', உப்பும் மிளகும் 'ஹாலென் ஆ ஃபிப்பிர்'. 'உம்' என்ற பொருள் தரும் 'ஆ' மூச்சொலி மாற்றம் தரும் என்ற விதி இந்த இரண்டிலேயே அடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இப்படி ஐந்து தொடர், உரக்க, பத்து முறை; அதற்கு மேல் ஏற்றினால் மறுநாள் எதுவும் நிற்காது. மென்மை மாற்றம்தான் மிக அதிகம் வரும். முதல் மூன்று மாதம் அதற்கே கொடுங்கள்.

பெயர்ச்சொல்லின் பாலை ஆண், பெண் என்று அடைப்புக்குறியில் குறிப்பது பயன் தராது. ஒரு பெயரடையோடு சேர்த்தே எழுதுங்கள். கறுப்பு நாய் 'கீ டீ', கறுப்புப் பூனை 'காத் தீ'. 'டீ' மெலிந்து 'தீ' ஆனதே பூனை பெண்பால் என்பதைச் சொல்லிவிடுகிறது. விதிவிலக்குகளும் உண்டு. இரவு என்ற சொல் பெண்பால்; ஆனாலும் இரவு வணக்கத்தில் 'டா' மாறாமல் 'நோஸ் டா' என்றே இருக்கும்.

தவறு செய்தால் பொருள் கெடுமா? பெரும்பாலும் கெடாது, புரிந்துகொள்வார்கள். ஒரே ஒரு இடம் ஆபத்து. அவனுடைய, அவளுடைய இரண்டுக்கும் ஒரே சொல்தான், 'ஈ'. அப்பா 'டாட்'. மென்மை மாற்றம் வந்தால் அவன் அப்பா, மூச்சொலி மாற்றம் வந்து 'ஈ தாட்' ஆனால் அவள் அப்பா. இதை முதலில் சரிசெய்யுங்கள்.

அகராதியில் தேடப் பின்னோக்கிப் போகும் வழி இது. உயிரில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் முன்னால் ஜி போட்டுப் பாருங்கள். வ என்றால் பி அல்லது ம. ஒற்றை எல் என்றால் இரட்டை எல், இல்லையேல் ஜி-எல். இரட்டை டி என்றால் டி. பாங்கோர் பல்கலைக்கழகத்தின் 'கஸில்' பிழைதிருத்தி நீங்கள் எழுதியதில் மாற்றம் விட்டுப்போனதைக் காட்டும். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இணையத்தில் இலவசம், ஆனால் ஆரம்பநிலைக்கு அது கடல்.

ஆங்கிலத்தின் வழியே போகாதீர்கள்

பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் விளக்கும். மனத்தில் மொழிபெயர்க்கும்போது தமிழுக்குத் தாவுவது பல இடங்களில் குறுக்குவழி. வேல்ஷில் 'வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள்ள வினை இல்லை. 'என்னோடு கார் இருக்கிறது' என்பதே அமைப்பு. சளி பிடித்தால் 'என் மேல் சளி இருக்கிறது', பயந்தால் 'என் மேல் பயம் இருக்கிறது'. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நான் என்பது எழுவாயாக வராததில் வியப்பில்லை. புதிது ஒன்றுதான்: 'மேல்' என்ற சொல்லே ஆளுக்கேற்ப முடிவு மாறும். 'ஆர்னா ஈ' என் மேல், 'ஆர்னாட் டி' உன் மேல், 'ஆர்னோ' அவன் மேல், 'ஆர்னி' அவள் மேல்.

ஆம், இல்லை என்று பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. 'பால் இருக்கா?' என்றால் 'இருக்கு' என்கிறோமே, அப்படியே. 'ஓய்ஸ்' என்று கேட்டால் 'ஓய்ஸ்' அல்லது 'நாக் ஓய்ஸ்'. நீங்கள் இன்னது செய்கிறீர்களா என்றால் 'அடு' அல்லது 'நாக் அடு'. இறந்தகாலக் கேள்விக்கு ஆள் எவரானாலும் 'டோ', 'நாதோ'. பேச்சுத் தேர்வில் கேள்வியின் முதல் சொல்லைக் கேட்டதுமே பதில் தயார். தவறவிடுவது இங்கேதான்: பலர் வாக்கியத்தின் கடைசியையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வினை முதலில் வரும் மொழி இது. தமிழ்க் காது கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை விட வேண்டும்.

'இருக்கிறது' என்பதற்கு நான்கு உருவம். எங்கே என்ற கேள்விக்குப் பின் 'மாய்'. யார் செய்வது என்று கேட்கும்போது 'சீ'. குறிப்பிட்ட பொருளைப் பற்றிய கேள்விக்கு 'அடி'. பால் ஏதாவது இருக்கிறதா என்னும் பொதுக் கேள்விக்கு 'ஓய்ஸ்'. இடைவெளி நிரப்பும் கேள்விகளுக்கு இது வற்றாத சுரங்கம்.

எண்ணுவதில் இரண்டு முறைகள் உண்டு. புதியது 'ஒரு பத்து எட்டு' என்று நேராகப் போகும். பழையதில் 18 என்பது 'டெய்னவ்', அதாவது இரண்டு ஒன்பது. 31ஆம் தேதி 'இருபதின் மேல் பதினொன்றாவது'. பணத்துக்குப் புதியது போதும். மணியும் தேதியும் பழையதில்தான் கேட்கும். எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையிலேயே இருக்கும், 'நாலு மாடு' என்பது போல. ஆண்டுக்கு மட்டும் மூன்று சொல்: தனியாக 'ப்லுய்தின்', எண்ணுக்குப் பின் 'ப்லனெத்', வயதுக்கு 'ப்லுய்த்'.

வடக்கா, தெற்கா

மனெடியாட் புத்தகம் வடக்கு, தெற்கு என இரண்டு பதிப்பாக வரும். எங்கே பேசப் போகிறீர்களோ அதை எடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பால் தெற்கில் 'லாய்த்', வடக்கில் 'லெவ்ரித்'. பாட்டி 'மாம்கீ', 'நைன்'. இப்போது என்பதற்குத் தெற்கில் 'நவ்ர்', வடக்கில் 'ரூஆன்'. எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஒன்று மற்றொன்றாகும்.

செயலியை மட்டும் நம்புவதும் ஆகாது. டுவோலிங்கோவின் வேல்ஷ் பாடம் 2016இல் வந்தது. 2023இல் புதுப்பித்தலை நிறுத்தினார்கள். இன்னும் சொல்வளத்துக்கு உதவும், ஆனால் மாற்றம் ஏன் வந்தது என்று சொல்லித் தராது. வேல்ஷ் வானொலியான ரேடியோ கம்ரியை நாளுக்கு 20 நிமிடம் ஓடவிடுங்கள். வேல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி நிகழ்ச்சிகளுக்கு முதல் முறை வேல்ஷ் வசன எழுத்தோடு, மறுமுறை எழுத்தில்லாமல். சில நாள் தங்கிப் படிக்க விரும்புவோருக்கு லீன் தீபகற்பத்தில், பழைய கல்குவாரிக் கிராமமான நான்ட் குர்தெய்ர்ன் இருக்கிறது.

கடையில், அலுவலகத்தில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழ் பட்டை அணிந்தவர் வேல்ஷ் பேசுவார் என்று அர்த்தம்; கற்பவர்களுக்கும் தனிப் பட்டை உண்டு, அணிந்துகொள்ளுங்கள். நீங்கள் தடுமாறியதும் எதிரிலிருப்பவர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அப்போது சொல்லவேண்டியதை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள்: 'இன்வைத் எட்டோ, அன் ஆராவ்'. இன்னொரு தடவை, மெதுவாக.