மங்கும் சிரட்டையும்

மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில் நாங்கள் குடியிருந்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வியாழக்கிழமைதோறும் பாசார் மாலாம் கூடும். மாலை ஐந்து மணிக்கே சாலையை அடைத்துக் கூடாரம் போட்டுவிடுவார்கள். வாரத்துக்கான காய்கறி, மீன், குழந்தைகளுக்குக் காலுறை, எனக்கு ஒரு பொட்டலம் வறுத்த மீ நூடுல்ஸ் என்று எல்லாம் அந்த இரவுச் சந்தையிலேயே முடிந்துவிடும். வியாழனுக்கு முன், வியாழனுக்குப் பின் என்றே நான் நாளை எண்ணிப் பழகியிருந்தேன். 2022 ஜூன் மாதம் மாமியை, அதாவது கணவரின் தாயாரை, பார்த்துக்கொள்வதற்காக நாகர்கோவிலுக்குக் குடிவந்தபோது, முதலில் தொலைந்து போனது அந்தக் கணக்குதான்.

புறப்படும்போது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "சொந்த மண்ணுக்குத்தானே போறீங்க." இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. என் தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். குமரி மாவட்டம் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு நாளும் வந்ததில்லை. என் கையில் இருப்பது மலேசியக் கடவுச்சீட்டு. விசா, பதிவு என்று ஒரு வெளிநாட்டுக்காரி செய்ய வேண்டிய அத்தனையையும் செய்துதான் இங்கே இருக்கிறேன். தமிழ் பேசுவதால் அந்நியம் தெரியாது என்று நினைத்தவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். வந்த புதிதில் நான் சமைத்த நாசி லெமாக்கை, எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோற்றை, மாமி ஒரு வாய் உண்டு "கொள்ளாம்" என்றார். இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் போலும் என்று நினைத்து நான் மேலும் ஓர் அகப்பை வைத்தேன். 'நன்றாக இருக்கிறது' என்று அதற்குப் பொருள் என்பதைக் கணவர் சொல்லி நான் அறிந்தபோது, மாமி மூன்றாவது தடவை வைத்ததையும் மிச்சம் வைக்காமல் உண்டு முடித்திருந்தார்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. அந்த முதல் ஆண்டில் ஜன்னலுக்கு வெளியே மழையும் உள்ளே மருந்து வேளையுமாக, திங்களுக்கும் வெள்ளிக்கும் வேறுபாடு தெரியாமல் நாட்கள் ஓடின. அதை மாற்றியது ஒரு கிழங்கு.

வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து மரச்சீனி வாங்கிவரச் சொல்லி மாமி கணவரை அனுப்பினார். பை அவிழ்ந்ததும் எனக்குத் திகைப்பு. அது எங்கள் ஊர் மரவள்ளி. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட 1942 முதல் 1945 வரையான ஆண்டுகளில், அரிசி கிடைக்காமல் அந்தக் கிழங்கையே காலையும் மாலையும் தின்று உயிர் பிழைத்தவர் என் பாட்டி. போர் முடிந்தபின் சாகும்வரை அதை அவர் வீட்டுப் படியேற விடவில்லை. ஆகவே நானும் அதைச் சாப்பிட்டு வளரவில்லை. இதை மாமியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அதே போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இந்த ஊர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் கிழங்குதான் காப்பாற்றியது என்று அவருடைய அம்மா சொல்வாராம். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்ததால்தான், பஞ்சம் வந்த நேரத்தில் அது தோட்டந்தோறும் நின்றது. ஒரே கிழங்கு, ஒரே போர். எங்கள் வீட்டில் வெறுப்பாக மிஞ்சியது இங்கே அன்றாட விருந்தாக மிஞ்சியிருக்கிறது.

மாமி நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பட்டை போன்ற மேல்தோலையும் அதன் கீழே இளஞ்சிவப்பாக இருக்கும் உள்தோலையும் சேர்த்துக் கீறி உரிக்க வேண்டும். துண்டுகளை மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைத் தயங்காமல் வடித்துக் கொட்டிவிட வேண்டும். தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, அடுப்பிலேயே அகப்பையின் பின்புறத்தால் மசிக்க வேண்டும். மயக்குவது என்று இதற்குப் பெயர். பக்கத்தில் தேங்காய் அரைத்துவிட்ட சாளைக் குழம்பு. அன்று வியாழக்கிழமை. மறுநாள் படுக்கையிலிருந்து எழும்போது, நேற்று என்ன கிழமை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள், இந்த மாவட்டத்துக்குள், நான் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்வது. மாமியின் மாலை மருந்துக்குள் வீடு திரும்பிவிடுவது. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவும் பெரிதாக இல்லை. ஒரு வியாழன் விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். பிச்சியும் அரளியும் கிரேந்தி என்கிற செண்டுமல்லியும் மூட்டை மூட்டையாகக் கைமாறுவதைப் பார்த்தபின், முழக்கணக்கில் பூ வாங்கிப் பழகிய எனக்குப் பேச்சு வரவில்லை. ஓணத்துக்கு முந்திய நாட்களில் கேரளத்துக்குப் போகும் பூவால் அங்கே நிற்கவும் இடம் இருக்காது. சில வாரங்கள் தெருமுனையைத் தாண்டவே இல்லை. பழக்கடையில் மட்டி, செந்துளுவன், பேயன், ரசகதலி, ஏத்தன் என்று ஐந்து வாரம் ஐந்து வாழைப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்துக்கு அந்தப் பெருமை தகும் என்பது என் தீர்ப்பு. ஏத்தனை அவித்துத் தின்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டும்.

சொதப்பிய வாரங்களும் உண்டு. ஒருமுறை வியாழனை விட்டுத் திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். திங்கள் அதற்கு விடுமுறை. 1956இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நுழைந்தேன். கூரையற்ற ஒரு சிற்றாலயத்துக்குள் டி லனாய் என்பவரின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து, பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) என்று பெயர் வாங்கி, 1777இல் இங்கேயே இறந்தவர். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். விசா புதுப்பிக்கும் கவலையில் இருந்த எனக்கு, முப்பத்தாறு ஆண்டுகள் இந்த மண்ணில் கழித்த அந்த மூத்த வெளிநாட்டவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றியது. விடுமுறை நாளில் திற்பரப்பு அருவிக்குப் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

குலசேகரம் பக்கத்தில் மாமிக்குத் தம்பி முறையான ஒருவருக்கு நூறு ரப்பர் மரம் இருக்கிறது. பால் வெட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் வியந்தார். என் தாத்தாவும் பாட்டியும் ஆயுள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள்; ஆனால் தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்த காலத்தில் எங்கள் குடும்பம் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டதால், நான் அந்த மரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள் இரவு அவர் வீட்டில் தங்கிவிட்டு, விடியும் முன் தோட்டத்தில் இறங்கினேன். அவர் முதலில் பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை இழுத்து எடுத்தார். அது நீண்டு, அறுபடாமல், கயிறு போல வந்தது. பிறகு கத்தியைச் சாய்த்துப் பட்டையை நூல் கனத்துக்குச் சீவினார். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் வெட்டு நெடுக வெள்ளைப் புள்ளிகள் ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிந்து ஓடித் தேங்காய்ச் சிரட்டையில் சொட்டின. பாட்டி அந்தக் கிண்ணத்தை 'மங்கு' என்பார், மலாய்ச் சொல். அவர் 'கட்டிப்பால்' என்றதும் இவர் 'ஒட்டுப்பால்' என்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலர்த்தும் கொட்டகைக்குள் தொங்கிய ஷீட்டுகளின் புளித்த வாடை வந்ததும், பாட்டியின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது.

கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்குக் கிள்ளானிலிருந்து வந்த உறவினரோடு போனேன். அழகுதான், ஆனால் அது அவர்களுடைய வாரத்துக்குரியது என்பதால் என் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்ற மாதம் மாமி, "மக்களே, இந்த வாரம் நானும் வாறேன்" என்றார். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டுபோகிறது. கட்டும்போது மாமிக்குப் பதினாறு வயது. அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாரக்கணக்கில் பேசினார்களாம். பெண்பிள்ளைகளை யாரும் கூட்டிப்போகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பாதி தூரம் நடந்தார். தொட்டியில் ஓடும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். மொத்தம் எத்தனை தூண் என்று கேட்டார். இருபத்தெட்டு என்றேன். வெளியே வந்து அன்னாசிப்பழம் தின்றபடியே கீழிருந்து எண்ணினார். இருபத்தேழுதான் வருகிறது என்று இன்றுவரை சாதிக்கிறார். ஒரு தூண் தென்னைக்குப் பின்னால் நிற்கிறது என்கிறேன் நான்.