ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தங்கிப்போகும் ஆதார்

ஐகோர்ட்டுக்கு எதிரே தம்புச்செட்டித் தெருவாகட்டும், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கமாகட்டும், ஜெராக்ஸ் கடைகளில் காதில் விழுவது இதுதான்: "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுங்கண்ணா." ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் அந்த நம்பருக்குப் போய்ச் சேர்கின்றன.

வாட்ஸ்அப்பில் என்க்ரிப்ஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. போகும் வழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஆனதும் அதன் வேலை முடிந்தது. நீங்கள் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்தினால் சாட்டிலிருந்து மறையும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய காப்பி அங்கேயே இருக்கும்.

ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டோடுதானே வருகிறது? அந்தப் பாஸ்வேர்ட், பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த வருடமும். பெயர் தெரிந்தவர் வருடத்தை மட்டும் ஊகித்தால் போதும், நூறு முயற்சிக்குள் திறந்துவிடும். அதற்கும் வேலை வைக்காமல் பலர் பாஸ்வேர்டையும் கீழேயே டைப் செய்து அனுப்புகிறார்கள். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுகிற கதை.

முழு எண் கேட்காத இடத்துக்கு மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் வழங்கும் யுஐடிஏஐயின் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது அதற்கான கட்டத்தை டிக் செய்தால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும்.

மற்ற ஆவணங்களுக்கு நாமே பாஸ்வேர்ட் போட லிப்ரே ஆஃபீஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள ரைட்டரில் ஆவணத்தின் படத்தை வைத்து, ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்', அதில் 'செக்யூரிட்டி', பிறகு 'செட் பாஸ்வேர்ட்ஸ்'. அங்கே இரண்டு பாஸ்வேர்ட் கேட்கும். 'ஓபன்' பாஸ்வேர்டைத்தான் போட வேண்டும். 'பெர்மிஷன்' பாஸ்வேர்ட் மட்டும் போட்ட ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பெயர், பிறந்தநாள் கலக்காமல் 12 எழுத்தாவது வையுங்கள். கடையில் கீபோர்டை வாங்கி நீங்களே டைப் செய்யுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரிண்ட் வந்ததும் டவுன்லோட்ஸில் உங்கள் ஃபைலைத் தேர்ந்து ஷிஃப்ட்+டிலீட். வெறும் டிலீட் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். ஷிஃப்ட்+டிலீட்டும் முழுசாக அழிப்பதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்படும்வரை ரெக்கவரி சாஃப்ட்வேரால் மீட்டுவிடலாம். மீட்டாலும் பூட்டிய ஃபைல்தான் கிடைக்கும் என்பதால்தான் பாஸ்வேர்டுக்கு இத்தனை பாடு. பிரிண்டர் செட்டிங்கில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' டிக் ஆகியிருந்தால் பிரிண்ட் வரிசையிலும் ஒரு காப்பி தங்கும். அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் வெப்பைத் திறப்பது இதைவிட மோசம், மொத்த சாட்டும் அங்கே போய்விடும். திறந்திருந்தால் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் இப்போதே லாக் அவுட் செய்யுங்கள்.

அப்ளிகேஷனில் '200 கேபிக்குள்' என்றிருந்தால் உடனே ஏதோ ஓர் இலவச கம்ப்ரஸ் தளத்தில் ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. முன்பின் தெரியாத சர்வருக்கு நாமே ஆவணத்தைக் கொடுக்கிறோம். லிப்ரே ஆஃபீஸின் அதே எக்ஸ்போர்ட் விண்டோவில் ஜேபெக் குவாலிட்டியையும் ரெசல்யூஷனையும் குறைத்துப் பாருங்கள், சைஸ் நன்றாக இறங்கும். அப்ளிகேஷனில் ஏற்றும் காப்பிக்கு மட்டும் பாஸ்வேர்ட் வேண்டாம். பூட்டிய பிடிஎஃப்பைப் பல தளங்கள் ஏற்காது.