மூன்று இழை

போன ஜனவரியில் மகனை தேக்கோங் தீவில் விட்டுவிட்டு வந்தோம். சிங்கப்பூரில் ஆண்பிள்ளை பெற்றவர்களுக்கு இது பழகிய காட்சி. சாங்கியிலிருந்து படகு, தீவில் ஒரு சுற்று, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு, அப்புறம் கையசைத்துவிட்டு வர வேண்டியதுதான். இரண்டு வருடத் தேசிய சேவை, கட்டாய ராணுவப் பணி. திடலில் ஒரு சார்ஜன்ட் "செடியா!" என்று குரல் கொடுத்தார். இங்கே ராணுவ ஆணைகள் மலாயில்தான். எனக்குச் சொன்னதல்ல, ஆனாலும் என் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் நின்ற மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, தொப்பை வேறு.

நம் பள்ளித் திடலில் அந்தச் சொல் "சாவ்தான்". யார் சொல்வார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் மார்ச் மாதம் போய்விட்டார். எண்பது வயது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், நல்லதாக நாலு வார்த்தை இருக்கட்டும் என்று நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் சொன்னார். நல்லதாகத்தான் எழுதப் பார்க்கிறேன்.

பி.டி. மாஸ்டர் என்று பதிவேட்டில் இருக்கும். நமக்கு அவர் சாவ்தான் சார். 1949இல் தி.மு.க. பிறந்த வடசென்னை ராபின்சன் பூங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, வீட்டுக்கு வீடு இந்தி எதிர்ப்புக் கதை வைத்திருந்த பிள்ளைகளை, இந்தியில் நிமிர்ந்து நிற்கச் சொன்ன ஒரே மனிதர். ஒரு முறை கவுன்சிலர் ஒருவர் தலைமையாசிரியரிடம் வந்து இதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். மறுநாள் சார் "அட்டென்ஷன்" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவனும் அசையவில்லை. மூன்றாம் நாள் பழையபடி சாவ்தான்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமம். இருபது வயதில் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர் படையில் சேர்ந்தார். 1780இல் தொடங்கிய படை, மையம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில். அங்கே சிப்பாய்க்குப் பெயரே "தம்பி"தான். நம்மையெல்லாம் அவர் தம்பி தம்பி என்று கூப்பிட்டதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படையின் பழக்கம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாசமும் இருந்திருக்கலாம், யார் கண்டது. பதினைந்து வருடம் முடித்து, பென்ஷனோடு வந்து, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி படித்துவிட்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் மாமியார் வீட்டு மாடியில் குடியேறினார். மூன்று பெண்கள்.

எங்கள் வீடு அதற்குப் பின்சந்து. பிளஸ் ஒன் படித்த வருடம், 1988. காலையில் பால் வாங்கப் போகும்போது தினமும் அந்த வாசலைத் தாண்ட வேண்டும். ஒரு நாள் சாவகாசமாக நின்று பார்த்தேன். சார் பனியனும் லுங்கியுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். வாயில் குறுக்காகக் கடித்த சீப்பு, தோளில் ஆறு சிவப்பு ரிப்பன். முன்னால் கடைக்குட்டி, எட்டு வயசு இருக்கும், தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. சார் சீப்பைக் கையில் எடுத்துவிட்டு, மெதுவாக, "சாவ்தான்" என்றார். தலை நின்றது. ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பனை இறுக்கிப் பூ மாதிரி முடிந்ததும் "விஷ்ராம்", இனித் தளரலாம் என்று. அது எழுந்து ஓட, அடுத்தது வந்து உட்கார்ந்தது.

இந்த மாதிரிச் செய்தி கிடைத்தால் பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? முதல் பீரியடுக்கு முன்னால் கரும்பலகையில் படம் போட்டேன். பெரிய மீசை, நெஞ்சு நிறைய மெடல், வாயில் சீப்பு, கையில் ஒரு நீளச் சடை. கீழே "ஜடை ரெஜிமென்ட்" என்று எழுதினேன். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அன்றைக்குப் பார்த்து வேதியியல் வாத்தியார் லீவு. சும்மா உட்கார வைக்க வந்தவர் சாவ்தான் சார்.

பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, நான் போட்ட சடையைத் துடைத்துவிட்டு வேறு ஒன்று வரைந்தார். "இது ரெண்டு இழைல இருந்தது. ரெண்டு இழை போட்டா கயிறு. சடைக்கு மூணு இழை, தம்பி." அப்புறம் என்னைப் பார்த்தார். என் விரலெல்லாம் சுண்ணாம்பு.

விளையாட்டு அறையிலிருந்து சணல் வரவழைத்தார். மூன்று இழையை ஜன்னல் கம்பியில் கட்டி, "போடு" என்றார். போட்டேன். அவிழ்ந்தது. இன்னொரு தடவை போட்டேன், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. "நடு இழை எது சார்?" என்று கேட்டேன். "நடு இழைன்னு தனியா ஒண்ணு கிடையாது. எது நடுவுல வருதோ அதுதான்." நாற்பத்தைந்து நிமிடம். அறுபது பேர். "இன்னாடா, பூ வெக்கலியா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து நெட்டை குரல் விட்டான். இப்போது அபுதாபியில் பெரிய ஆள் அவன். இதைப் படித்தால் அவனுக்கு ஞாபகம் வரட்டும்.

மணி அடித்தது. சார் சணலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வருடம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமலே திரிந்தேன். ஓட்டச் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஒரு நாள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து அணைத்துக் கொண்டுவந்தார். முடக்குவாதம். விரல்கள் பத்தும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. "சூடா இருக்கு, பாத்து வாங்கிக்கப்பா" என்றார். கடைசிப் பெண் பிறந்ததிலிருந்தே அப்படியாம். அம்மாவிடம் சொன்னேன். "தெருவுக்கே தெரியுமே. கார்ப்பரேஷன் பைப்புல குடம் புடிக்கறதுல இருந்து அந்த மனுசன்தானே" என்றாள். தெருவில் எனக்கு மட்டும் கண் இல்லை போலிருக்கிறது.

சண்டையைப் பற்றி அவர் பேசி ஒரு முறைதான் கேட்டேன். விளையாட்டு விழாவுக்கு முந்தின மாலை. திடலில் கோடு போட என்னையும் ஒல்லியையும் நிறுத்தி வைத்திருந்தார். சுண்ணாம்புத் தூளை டப்பாவில் தட்டிக்கொண்டே பின்னால் நடந்து போவார், கோடு நூல் பிடித்த மாதிரி விழும். எப்படி சார் என்று ஒல்லி கேட்டான். 1971 டிசம்பர், ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆறு என்று ஆரம்பித்தார். எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியை ராத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டு தேட வேண்டும். கம்பியை நேராகக் குத்தக் கூடாது, சாய்வாகச் செருக வேண்டும். தட்டுப்பட்டால் கையால் மண்ணைத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் டாங்கி வரும். "நாங்க முழுசா முடிக்கல. அதுக்குள்ள டாங்கிய விட்டுட்டாங்க, அந்தப் பக்கம் நம்மாளுங்க மாட்டிக்கிட்டிருந்தாங்க." பரம் வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்தர்பால் இறந்தது அந்தச் சண்டையில்தான், இருபத்தொரு வயதில். பெயரைச் சொன்னார், மேலே எதுவும் சொல்லவில்லை. "தம்பி, கோட்ட மிதிக்காதே" என்றார். நான் மிதித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

1994இல் கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். அப்பாவின் மில் அதற்குள் படுத்துவிட்டது, வேறு வழியில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டார். ரெண்டே வருஷம் சார் என்றேன். அவருக்கும் ஒரு தடவை சவுதியில் செக்யூரிட்டி வேலை வந்ததாம், இங்கே வாங்குவதுபோல் நாலு மடங்கு சம்பளம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "காலைல ஆறு பின்னல் யாரு போடுவா?" என்று சிரித்தார். உள்ளே அவர் மனைவியும் சிரித்தது கேட்டது.

இரண்டு வருடம் முப்பத்தொரு வருடம் ஆயிற்று. என் மகள் 1999இல் ஊரில், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். போன் கார்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். குடும்பத்தை இங்கே அழைத்துவரும்போது அவளுக்கு எட்டு வயது. வந்த முதல் வாரம், மனைவிக்குக் காய்ச்சல், பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. நான் சீப்பை எடுத்தேன். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரப்பர் பேண்டைப் போட்டு அவளே கட்டிக்கொண்டாள். அடுத்த வருடம் முடியை வெட்டிவிட்டாள். இங்கே வெயிலுக்கு அதுதான் வசதி.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சாரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு தடவை பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் இரண்டு தடவை. மனைவி போன பிறகும் மாடியை விட்டு அவர் இறங்கவில்லை என்று கேள்வி.

ஒல்லிதான் மார்ச்சில் வீடியோ காலில் காட்டினான். பழைய வாசற்படிக்குப் பக்கத்தில் பந்தல். சாருக்கு மீசையை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். மூன்று பெண்களும் தலைமாட்டில், தலைவிரி கோலமாக. பெரியவளுக்கு நரை. எனக்கு அந்த முடிகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மூலக்கொத்தளத்தில் அடக்கம். 1939இல் இந்தி எதிர்ப்பில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இருக்கும் அதே இடம். சாருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். முன்னாள் படைவீரர்கள் நாலு கிழவர்கள், தொப்பியும் மெடலுமாக வந்திருந்தார்கள். நம் பையன்கள் ஒரு முப்பது பேர், எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். கிழவர்களில் ஒருவர் திடீரென்று "சாவ்தான்!" என்றார்.

ஒல்லியின் கை விறைத்துக் கீழே இறங்கியது. போனில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் அவன் செருப்பும்தான், குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. இங்கே நான் பட்டறை கேண்டீனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். விஷ்ராம் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை போல. ரொம்ப நேரம் அந்தச் செருப்பு அப்படியே இருந்தது.