ஒன்றரை ஷிப்டுக்கு நடுவே படிப்பு

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். காலை ஷிப்ட் வகுப்புகள் மதியம் ஒரு மணி வாக்கில் முடியும். மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடுவார்கள். இரண்டு மணிக்கெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளிலோ பேக்கிங்கிலோ நின்றாக வேண்டும். வேலை விட இரவு எட்டரை ஆகிவிடும்.

இவ்வளவு வேலையையும் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிவிடுகிறார்கள், நேரம் மாறாமல் இருந்தால். இரவில் புத்தகத்தைத் தொட உடம்பு விடாது என்று தெரிந்து, காலை ஏழரைக்கே கல்லூரிக்கு வந்து கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒரு வகுப்பறையைச் சீக்கிரம் திறந்துவைக்கக் கேட்டு வாங்கினோம். நன்றாகத் தேறுகிறவர்களில் பலர் அந்த அறைக்காரர்கள்தான்.

ஆளைச் சாய்ப்பது ஷிப்மென்ட் நெருங்கும் வாரம். அப்போது ஒன்றரை ஷிப்டுக்கு வரச் சொல்வார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. அவசரம் என்றால் அதற்கு மேலும் போகும். "நாளைக்கு லோடு ஏத்தறாங்க மேடம். லீவு கேட்டா அடுத்த வாரம் வேலைக்கே வர வேண்டாங்கறாங்க" என்று ஒருவன் வந்து நிற்கும்போது 75 சதவீத வருகைப்பதிவைப் பற்றி அவனிடம் என்ன பேசுவது? அந்தக் கணக்கு அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வருடக் கணக்கைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். நவம்பரில் பருவத் தேர்வு. அதற்குச் சற்று முன்னால்தான் துணிக்கடைகள் தீபாவளிக்கு ஆள் எடுக்கின்றன. ஏப்ரல் தேர்வு நேரத்தில் பங்குனி, சித்திரை முகூர்த்தங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கேட்டரிங் வேலை கிடையாது என்பதால் கிடைக்கிற முகூர்த்தத்தை யாரும் விடுவதில்லை. சனி இரவு வரவேற்பு, ஞாயிறு காலைப் பந்தி, நடுவில் மண்டபத்திலேயே இரண்டு மணி நேரத் தூக்கம். திங்கட்கிழமை முதல் வகுப்பில் தூங்குகிறவனை நான் எழுப்புவதில்லை.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய். குடும்பத்தைத் தாங்கும் தொகை இல்லைதான். ஆனாலும் தேர்வு மாதத்தில் ஒரு ஞாயிறு வேலையை "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அதில் சிலருக்கு வந்திருக்கிறது. அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம் என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன். போய்க் கேட்க அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் என்னால் ஆனது, தேர்வு அட்டவணை வந்த அன்றே நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, சூப்பர்வைசரிடம் காட்டச் சொல்வதுதான். முன்கூட்டியே தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சில கம்பெனிகள் சம்மதிக்கின்றன. சம்மதிக்காத இடங்களுக்கு நானே போன் போட்டுப் பேசுகிறேன்.