காது மெஷின் போட்ட பிள்ளைக்குப் பாடம் நடத்துவது

மெஷினை மாட்டிவிட்டால் எல்லாம் கேட்கும் என்றுதான் பள்ளிகளில் நினைக்கிறார்கள். அது ஆசிரியர் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே கூட்டித் தரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே பேச்சு தெளிவில்லாமல் போகிறது. ஆகவே முதலில் இடத்தைச் சரிசெய்ய வேண்டும்.

முதல் பெஞ்சின் நடுவைவிட இரண்டாம் வரிசையின் ஓரமே எங்களுக்குச் சரிப்பட்டது. நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கட்டும். தலையைத் திருப்பினால் பதில் சொல்லும் பிள்ளையின் வாயும் தெரியும். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது.

தினமும் வருகைப் பதிவுக்கு முன் லிங் ஒலிச் சோதனை, அதாவது பேச்சொலிகள் மெஷின் வழியே கேட்கின்றனவா என்று பார்ப்பது. பிள்ளைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆறையும் வரிசை மாற்றிச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். இடைவெளியையும் மாற்றுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால், காதில் விழாமலே ஊகித்துச் சொல்லிவிடுவான். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லையா, முதலில் பேட்டரி. ஜிங்க்-ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்த பிறகே போட வேண்டும். பேட்டரி சரியென்றால் மோல்டின், அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சின், துளையில் அழுக்கு அடைத்திருக்கும். மெஷின் விசிலடித்தால் மோல்டு சரியாக உட்காரவில்லை, அல்லது காது வளர்ந்து மோல்டு சிறிதாகிவிட்டது. பலர் உடனே சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நிற்கும், பாடமும் கேட்காது.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், மெய்யொலி அமுங்கிவிடும். வாயின் வடிவமும் மாறிப்போகும். ‘புரிந்ததா?’ என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். ‘இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல்’ என்று கேட்டால் உண்மை தெரியும்.

தேர்வில் கூடுதல் நேரமும், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உண்டு. அதைக் காட்டி மொழி வகுப்பில் பிள்ளையைச் சும்மா உட்காரவைப்பது அநியாயம்.

சொல்வதை எழுதுதலில்தான் அதிகம் அடிபடுவார்கள். ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். தனிச் சொல்லாகக் கொடுக்காமல், ‘சுவரில் படம் மாட்டினான்’ என்று வாக்கியமாகக் கொடுங்கள். ல, ள, ழ மாறினால் மதிப்பெண்ணைக் குறைக்காமல், சரியான எழுத்தை அருகில் எழுதிக் காட்டுங்கள்.