தெர்மல் ஸ்கோப்பில் உருப்பெருக்கம் என்ற எண்

ஒரே லென்ஸ் பொருத்திய இரண்டு தெர்மல் ஸ்கோப்புகளின், அதாவது பொருள்கள் வெளியிடும் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தொலைநோக்கிகளின், விவரங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, விலை குறைந்த கருவியின் உருப்பெருக்கம் மூன்று மடங்குக்கும் மேல் என்றும், விலை கூடியதற்கு இரண்டு மடங்குதான் என்றும் இருந்தது. அச்சுப் பிழை என்றே முதலில் எண்ணினேன். பிழை என் புரிதலில்தான் இருந்தது.

சாதாரணத் தொலைநோக்கியில் ஒளி லென்ஸ்களைக் கடந்து நேராகக் கண்ணை அடைகிறது. தெர்மல் ஸ்கோப்பிலோ, கண்ணாடியை ஊடுருவ முடியாத 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களை ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன லென்ஸ் சென்சாரின் மேல் குவிக்க, அந்தச் சென்சார் உருவாக்கும் படத்தைக் கருவிக்குள் இருக்கும் சிறு திரையில்தான் நாம் காண்கிறோம். ஆகவே உருப்பெருக்கம் லென்ஸின் குவியத் தொலைவோடு சென்சாரின் அகலத்தையும் திரையின் அளவையும் சார்ந்தே அமைகிறது.

35 மி.மீ. குவியத் தொலைவும் 12 மைக்ரான் பிக்சலும் கொண்ட கருவியை எடுத்துக்கொள்வோம். 640×512 பிக்சல்கள் கொண்ட சென்சாரின் அகலம் 7.68 மி.மீ. என்பதால், 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 22 மீட்டர் அகலக் காட்சி அதில் அடங்கும். 384×288 சென்சாரில் அடங்குவது 13 மீட்டர்தான். இரண்டும் ஒரே அளவுத் திரையை நிரப்பும்போது, குறுகிய காட்சி பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தொலைவில் ஒரு பிக்சல் அளக்கும் பரப்பின் அகலம் இரண்டிலும் 3.4 செ.மீ.தான். 640 கருவியில் 1.67 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்தால் கிடைப்பது, ஏறக்குறைய அந்த 384 கருவியின் படமேதான். கூடுதல் பணத்துக்கு நாம் பெறுவது அகலமான காட்சி. விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

டிஜிட்டல் ஜூம் புதிதாக எந்த நுணுக்கத்தையும் சேர்ப்பதில்லை. 640×512 சென்சாரில் அதை இரண்டு மடங்காக்கினால், நடுவிலுள்ள 320×256 பிக்சல்கள், அதாவது மொத்தத்தில் கால் பங்கு மட்டுமே, இழுத்துப் பெரிதாக்கப்படுகின்றன.

பெருக்கத்தைவிட, பார்க்க வேண்டிய பொருளின் மேல் எத்தனை பிக்சல்கள் விழுகின்றன என்று கணக்கிடுவதே பயன் தரும். அமெரிக்க ராணுவ ஆய்வாளரான ஜான் ஜான்சன் 1958-இல் முன்வைத்த அளவுகோலைப் பிக்சல்களுக்கு மாற்றினால், ஏதோ ஒன்று இருக்கிறது என்று உணர 2 பிக்சல்கள், அது எந்த வகை என்று அறிய 8, இன்னதுதான் என்று உறுதிசெய்யச் சுமார் 13 தேவைப்படும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்பில்தான். உடல் உயரம் 50 செ.மீ. உள்ள விலங்கை மேற்சொன்ன லென்ஸ் 700 மீட்டருக்கு அப்பாலும் ஒரு வெப்பப் புள்ளியாகக் காட்டும் என்றாலும், வகை தெரிவது 180 மீட்டர் வரையிலும், உறுதியாக அடையாளம் காண்பது 110 மீட்டர் வரையிலும்தான். விவரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் அந்த முதல் எண். மூடுபனியும் ஈரக்காற்றும் இவற்றை மேலும் குறைக்கும்.

உண்மையிலேயே நுணுக்கம் வேண்டுமானால் லென்ஸ் நீண்டதாக இருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலின் பங்கு 2.4 செ.மீ. ஆகச் சுருங்கும், ஆனால் 640 சென்சாரிலும் காட்சி 15 மீட்டராகக் குறுகுவதோடு, கருவியின் எடையும் விலையும் ஏறும். திறந்த வெளியில் ஓரிடத்தில் அமர்ந்து தொலைவை நோக்குபவருக்கு அது தகும். மரங்களுக்கிடையே நடந்தபடி தேடுபவருக்கு, நகரும் விலங்கு திரையைவிட்டு வெளியேறினால் மீண்டும் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்பதால், 25 மி.மீ. லென்ஸும் 640 சென்சாருமே பொருந்தும் என்பது என் கருத்து.