மூங்கில் அணத்தானை அணில் என்று எழுதிவிடாதீர்கள்

சேர்வராயன் மலையில் பாலூட்டிகளைப் பதிவு செய்யப் போகிறவர்கள் காட்டெருமைக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். தரையில் ஓடும் சின்னதையெல்லாம் ‘அணில்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அணில் போலவே தோன்றும் மூங்கில் அணத்தான் என்ற சிறு விலங்கு காணாமல் போவது அந்த வரியில்தான். 1850-ல் விவரிக்கப்பட்ட இந்த விலங்குக்கு 1913-ல் ‘அனதானா’ என்று தனிப் பேரினம் வைத்தபோது, நம் ‘அணத்தான்’தான் அறிவியல் பெயரானது. இதை மர மூஞ்சூறு என்றும் சொல்வார்கள், அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. பெரும்பாலும் இரை தேடுவது தரையில். மூஞ்சூறு இனமும் இல்லை, அணில் போலக் கொறித்துண்ணியும் இல்லை.

முதலில் முதுகைப் பாருங்கள். நம் ஊர் அணிலுக்கு மூன்று கோடு. இதற்கு முதுகில் கோடே கிடையாது, தோளில் மட்டும் வெளிர்ந்த ஒரு கீற்று. மூக்கு நீண்டு கூராக இருக்கும். உடல் 16 முதல் 18 செ.மீ., வாலும் ஏறக்குறைய அதே நீளம். காலடித் தடத்தையும் நம்பலாம்: அணிலின் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், இதற்கு ஐந்து. ஆனால் மண் ஈரமாகவும் நைசாகவும் இருக்க வேண்டும். காபித் தோட்டத்துச் சருகில் எதுவும் பதியாது.

தாடை கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். இரையின் எலும்புகள் கலந்திருக்கும் காட்டுப்பூனையின் எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மாவுச் சல்லடையில் அலசி, நிழலில் காயவையுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கீழ்த்தாடையின் ஒரு பாதியை எடுத்துப் பற்களை எண்ணுங்கள்: எலிக்கு 4, அணிலுக்கு 5, வீட்டு மூஞ்சூறுக்கு 6, அணத்தானுக்கு 10. அணிலுக்கு முன்னால் ஒரே பெரிய வெட்டுப்பல், பிறகு வெற்றிடம், அதற்கப்புறம்தான் கடைவாய்ப் பற்கள். அணத்தானுக்கு முன்னோக்கிச் சாய்ந்த மூன்று சிறு வெட்டுப்பற்கள், அடுத்து கோரைப்பல், அப்படியே வரிசை போகும். பல் உதிர்ந்திருந்தால் குழியையும் சேர்த்து எண்ணுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பலர் தவறுகிறார்கள். ஆந்தை கக்கிய உருண்டைகளில் இதைத் தேடுவது பெரும்பாலும் வீண். இது பகலில் திரிந்துவிட்டு, இரவில் பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ அடங்கிவிடும்.

பகல் விலங்கு என்பதால் தானியங்கிக் கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. கேமராவின் உணரி வெப்ப வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. சேலம் பக்கத்து அடிவாரச் சரிவில் மதியம் பாறையின் சூடு விலங்கின் உடல் சூட்டை எட்டிவிட்டால், அது குறுக்கே போனாலும் படம் விழாது. அந்தப் பதிவுகளை வைத்து ‘மதியம் நடமாட்டம் இல்லை’ என்று எழுதினால் அது உணரியைப் பற்றிய முடிவு, விலங்கைப் பற்றியது அல்ல. நிழல் விழும் இடமாகப் பார்த்து, வடக்கு நோக்கி வையுங்கள். பெரிய விலங்குக்கு வைக்கும் முழங்கால் உயரம் இங்கே உதவாது. தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. போதும். வழித்தடத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வையுங்கள், அதற்கும் கிட்டே போனால் பல கேமராக்களில் படம் மங்கும். எதிரே இருக்கும் புல்லைப் பிடுங்காவிட்டால், வெயிலில் ஆடும் புல்லின் படங்களே மெமரி கார்டை நிரப்பிவிடும். ஏற்காட்டுப் பனியில் கண்ணாடிக்குள் ஈரம் கோக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். குரங்குகளுக்குக் கேமராவைத் திருப்பிப் பார்ப்பதே வேலை என்பதால் வார் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுங்கள். தேதி, நேரத்தை மாட்டும்போது ஒருமுறை, கழற்றும்போது ஒருமுறை கைபேசியோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் இவை எதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அடிபட்டுக் கிடப்பதையும் எடுத்து வரக்கூடாது. பக்கத்தில் அளவுகோலை வைத்து முதுகு, தோள், முன்கால், முகம் என்று நான்கு படம் எடுத்து, எத்தனையாவது வளைவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை வளைவு தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.